மது, மன அழுத்தம், ஆக்ரோஷம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் உளவியல் பேராசிரியர். மதுவும் மன அழுத்தமும் ஒன்றுசேரும்போது ஒரு மனிதர் ஏன் அடுத்தவர் மேல் பாய்கிறார் என்பதைத்தான் பல வருடங்களாகப் படித்தும் கற்பித்தும் வருகிறேன். மாணவர்கள் கேட்பது ஒரு மாதிரி, குடிப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் கேட்பது வேறு மாதிரி, குடிப்பவரே தனியாக வந்து தயங்கித் தயங்கிக் கேட்பது இன்னொரு மாதிரி. ஆனால் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

குடித்தால் கோபம் வருகிறதா, இல்லை கோபக்காரர்கள்தான் அதிகம் குடிக்கிறார்களா?

இரண்டும் நடக்கிறது. அதனால்தான் இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அடிதடியில் சிக்கியவர்களில் பலர் குடித்திருந்தார்கள் என்று மட்டும் சொன்னால் அது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் இயல்பிலேயே முரட்டுத்தனம் உள்ளவர்கள் குடியையும் தேடிப் போகிறவர்களாக இருக்கலாம். இதற்கு ஒரே வழி சோதனை: வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மது கொடுத்து, மற்றதெல்லாவற்றையும் ஒன்று போல வைத்துப் பார்க்க வேண்டும். இப்படிச் செய்யப்பட்ட 30 சோதனைகளை பிராட் புஷ்மனும் ஹாரிஸ் கூப்பரும் 1990-ல் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மது ஆக்ரோஷத்தைக் கூட்டத்தான் செய்கிறது என்று வந்தது.

'கூட்டுகிறது' என்பதை 'எல்லாரையும் மிருகமாக்குகிறது' என்று படித்துவிடாதீர்கள். குடிக்கிறவர்களில் பெரும்பாலோர் யார் மேலும் கை வைப்பதில்லை. யார், எந்தச் சூழலில், எந்த மனநிலையில் குடிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை எப்படி அளக்கிறீர்கள்? ஆளைக் குடிக்க வைத்துச் சண்டை போட விடுவீர்களா?

சண்டை போட விடுவதில்லை. 1967-ல் ஸ்டூவர்ட் டெய்லர் உருவாக்கிய ஒரு முறையைத்தான் பல ஆய்வகங்கள் ஏதோ ஒரு வடிவத்தில் பயன்படுத்தி வந்திருக்கின்றன. வந்தவரிடம், பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார், உங்கள் இரண்டு பேரில் யார் வேகமாகப் பொத்தானை அழுத்துகிறார் என்று போட்டி வைக்கப் போகிறோம் என்று சொல்வார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், எதிராளி தோற்றால் அவருக்கு எவ்வளவு பலமான மின் அதிர்ச்சி போக வேண்டும் என்பதை இவர் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர் தோற்றால் எதிராளி தேர்ந்தெடுத்தது இவருக்கு வரும்.

உண்மையில் எதிராளி என்று யாரும் கிடையாது. வெற்றி தோல்வி முன்பே எழுதி வைக்கப்பட்டது. அந்த இல்லாத எதிராளி முதலில் சாந்தமாக இருந்து, போகப் போக அதிர்ச்சியின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவார், அதாவது சீண்டுவார். அந்தச் சீண்டலுக்கு இவர் எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் திருப்பிக் கொடுக்கிறார் என்பதே அளவுகோல். வலி தாங்கும் எல்லையை முதலிலேயே பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள், அதைத் தாண்டி எதுவும் போகாது.

யாரை வேண்டுமானாலும் இதில் சேர்க்க முடியாது. சட்டப்படி குடிக்கும் வயது வந்திருக்க வேண்டும், ஏற்கனவே குடிக்கும் பழக்கம் இருக்க வேண்டும், குடிநோய் இருந்திருக்கக் கூடாது, கர்ப்பமாக இருக்கக் கூடாது. மதுவை உடல் எடைக்கு ஏற்ப அளந்து பழச்சாற்றில் கலந்து கொடுப்பார்கள். முடிந்த பிறகு ஊதிப் பார்க்கும் கருவியில் அளவு நன்றாக இறங்கும் வரை அங்கேயே உட்கார வைத்து, நடந்தது என்ன என்று முழுவதும் விளக்கி, பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை நான் மாணவர்களிடம் மிகவும் கண்டிப்பாகச் சொல்வேன். 'பக்கத்து அறையில் யாருமே இல்லை, நீங்கள் யாரையும் நோகடிக்கவில்லை' என்பதை அந்த மனிதர் காதால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பொத்தானை அழுத்துவதும் நிஜச் சண்டையும் ஒன்றா?

ஒன்றல்ல. நியாயமான கேள்வி, துறைக்குள்ளேயே இதைப் பற்றிப் பெரிய விவாதம் உண்டு. ஆனால் வீடுகளிலும் தெருவிலும் நடப்பதைப் பற்றிய கணக்கெடுப்புகளும் இந்தச் சோதனைகளும் ஒரே திசையைக் காட்டும்போது அதைத் தள்ளிவிட முடியாது.

குடித்திருக்கிறோம் என்ற நினைப்பே போதும், போதை எல்லாம் நடிப்பு என்கிறார்களே?

அதில் பாதி உண்மை இருக்கிறது. 1973-ல் ஆலன் மார்லட்டும் அவரோடு இருந்தவர்களும் ஒரு அழகான சோதனை வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். நான்கு குழுக்கள். மது என்று சொல்லி மது கொடுக்கப்பட்டவர்கள், மது என்று சொல்லி வெறும் டானிக் தண்ணீர் கொடுக்கப்பட்டவர்கள், வெறும் டானிக் என்று சொல்லி மது கலந்து கொடுக்கப்பட்டவர்கள், சொன்னதும் கொடுத்ததும் வெறும் டானிக்காகவே இருந்தவர்கள். சுவை அதிகம் தெரியாத வோட்காவைக் கலந்ததால் ஏமாற்ற முடிந்தது. எவ்வளவு குடித்தார்கள் என்பதைத் தீர்மானித்தது கிளாஸில் இருந்தது அல்ல, இருப்பதாக அவர்கள் நம்பியதுதான். 1975-ல் இதே வடிவத்தில் ஆக்ரோஷத்தை அளந்தபோதும், மது குடித்ததாக நம்பியவர்கள்தான் அதிகம் சீறினார்கள்.

இதற்குச் சில வருடம் முன்பே, 1969-ல், கிரெய்க் மெக்ஆண்ட்ரூவும் ராபர்ட் எட்ஜர்டனும் பல சமூகங்களின் குடிப்பழக்கத்தை ஒப்பிட்டு, போதையில் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பது ஒரு சமூகத்துக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது என்று காட்டியிருந்தார்கள். குடித்தால் இப்படித்தான் நடப்பார்கள் என்று எதைப் பார்த்து வளர்கிறோமோ அப்படி நடக்கிறோம் என்பது அவர்கள் வாதம்.

சரி, அப்படியானால் மதுவுக்கு எந்த வேலையும் இல்லையா? இருக்கிறது. நான் முதலில் சொன்ன 30 சோதனைகளின் கணக்கில், குடித்ததாக நினைத்துக்கொண்டவர்களை விட உண்மையாகவே குடித்தவர்கள் அதிகம் ஆக்ரோஷமாக இருந்தார்கள். நம்பிக்கை ஒரு பக்கம், ரசாயனம் ஒரு பக்கம். 2006-ல் புரூஸ் பார்த்தலோவும் ஏட்ரியென் ஹைன்ஸும் செய்த சோதனை இன்னும் யோசிக்க வைக்கும். ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்களுக்கு மது சம்பந்தப்பட்ட படங்களைக் காட்டினாலே, அடுத்தவர் நடத்தையில் பகையைப் பார்ப்பது கூடியது.

மது மூளைக்குள் என்னதான் செய்கிறது?

நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது பலப்படுத்துகிறது, தூண்டிவிடும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, அதாவது 'பொறு, இதைச் சொன்னால் நாளைக்கு என்ன ஆகும்' என்று கணக்குப் போடும் பகுதி, மந்தமாகிறது.

ஆனால் 'பிரேக் பிடிக்கவில்லை' என்பதோடு நிறுத்தினால் விஷயம் முழுசாகப் பிடிபடாது. எனக்கு இதில் மிகவும் உதவியது கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்ஸும் 1990-ல் விரிவாக எழுதிய கருத்து. போதை ஒரு வகையான கிட்டப்பார்வை என்கிறார்கள் அவர்கள். கிட்டப்பார்வை உள்ளவருக்குப் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். குடித்தவர் மனத்திலும் அப்படித்தான். இந்த நிமிடம், கண் முன்னால், காதுக்குப் பக்கத்தில் எது பெரிதாக இருக்கிறதோ அது மட்டும் உள்ளே வருகிறது. நாளைய வேலை, போன மாதம் செய்த சத்தியம், அந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கும் குழந்தை, இவையெல்லாம் மங்கிப்போகின்றன.

ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார், 'இன்னைக்கும் லேட்டா?' என்று ஒரு குரல் கேட்கிறது. தெளிவாக இருக்கும் மனிதருக்கு அந்தக் குரலில் உள்ள சலிப்பும் கேட்கும், அதற்கு அடியில் இருக்கும் கவலையும் கேட்கும். மூன்று ரவுண்டு போன பிறகு முதலாவது மட்டும்தான் கேட்கிறது. சீண்டல் எப்போதும் பக்கத்தில் இருக்கிறது, தடுக்க வேண்டிய காரணங்கள் எப்போதும் கொஞ்சம் தள்ளியே இருக்கின்றன. அதனால்தான் மதுவும் சண்டையும் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன.

கேட்க நன்றாக இருக்கிறது, சான்று உண்டா?

உண்டு. இந்தக் கருத்து சரியென்றால், கண் முன்னால் இருப்பதை மாற்றினாலே போதையில் இருப்பவரின் நடத்தையும் மாற வேண்டும், இல்லையா? பீட்டர் ஜியன்கோலாவும் மிஷெல் கோர்மனும் 2007-ல் இதைத்தான் சோதித்தார்கள். மேலே சொன்ன போட்டியின்போதே சிலருக்குக் கூடுதலாக ஒரு வேலை கொடுத்தார்கள்: திரையில் கட்டங்கள் ஒளிரும் வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை இல்லாமல் குடித்தவர்கள் எதிர்பார்த்தபடியே அதிகம் தாக்கினார்கள். அந்த வேலையில் கவனம் போனவர்களோ, குடித்திருந்தும், அதே வேலையைச் செய்த குடிக்காதவர்களை விடக் குறைவாகத் தாக்கினார்கள். வேலை மிகக் கடினமாக ஆக்கப்பட்டபோது இந்தப் பலன் போய்விட்டது. அளவான கவனத்திருப்பல்தான் வேலை செய்கிறது.

டாரா மெக்டொனால்டும் மார்க் ஸன்னாவும் மற்றவர்களும் 2000-ல் வெளியிட்ட வேலை ஒன்றும் உண்டு, இது ஆணுறை பற்றியது. இரவு விடுதிக்கு வந்தவர்களின் கையில் எய்ட்ஸ் பற்றிய பயமுறுத்தும் எச்சரிக்கையை முத்திரையாகக் குத்தினார்கள். அந்த முத்திரை கையில் இருந்தபோது, ஆணுறை பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் போதையில் இருந்தவர்களிடம் போதை இல்லாதவர்களை விடவே பலமாக இருந்தது. கிட்டத்தில் எச்சரிக்கை இருந்தால் அதையும் போதை பெரிதாக்குகிறது. என் துறையில் எனக்கு நம்பிக்கை தரும் விஷயம் இதுதான். போதையின் கோபம் சுவிட்ச் போட்டால் வெடிக்கும் குண்டாக இருந்திருந்தால் நாம் செய்ய எதுவும் இருந்திருக்காது.

டென்ஷன் குறையத்தானே குடிக்கிறோம், அது குறைவது உண்மைதானே?

சில நேரம் குறைகிறது. எப்போது குறைகிறது என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஸ்டீலும் ஜோசப்ஸும் 1988-ல் ஒரு சோதனை செய்தார்கள். வந்தவர்களிடம், கொஞ்ச நேரத்தில் உங்கள் உடலிலும் தோற்றத்திலும் உங்களுக்குப் பிடிக்காதது பற்றி ஒரு பேச்சுப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கும் வயிற்றைக் கலக்கும். காத்திருக்கும் நேரத்தில் படங்களுக்கு மதிப்பெண் போடும் வேலை கிடைத்தவர்களில், குடித்தவர்களின் பதற்றம் குறைந்தது. எந்த வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து குடித்தவர்களுக்குக் குறையவே இல்லை.

காரணம் அதே கிட்டப்பார்வைதான். நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு குடிக்கும்போது சிரிப்பு பக்கத்தில் இருக்கிறது, கவலை மங்குகிறது, உடனே 'மதுதான் கவலையைப் போக்கியது' என்று மனம் எழுதிக்கொள்கிறது. அந்தக் கணக்கை நம்பி, ஒரு நாள் தனியாக, இருட்டில், கடன்காரன் போன் செய்ததை நினைத்துக்கொண்டு குடிக்கிறோம். அப்போது பக்கத்தில் இருப்பது கவலை மட்டும்தான். அதைத்தான் மது பெரிதாக்கிக் காட்டும்.

இன்னொரு பக்கம் உடம்பு. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலை அதிக அளவு மது தானே கூட்டுகிறது. நாள்பட்டக் குடித்தால் அழுத்தத்தைச் சமாளிக்கும் அமைப்பே கலைந்துபோகிறது, அதன் பிறகு சாதாரண விஷயங்களும் பெரிய பாரமாகத் தெரிகின்றன, பாரத்தை இறக்க மறுபடி குடிக்கத் தோன்றுகிறது. ஜார்ஜ் கூப் போன்றவர்கள் அடிமைத்தனத்தின் மையம் என்று காட்டுவது இந்த இடத்தைத்தான். ஒரு கட்டத்துக்குப் பிறகு சந்தோஷத்துக்காகக் குடிப்பது நின்று, குடிக்காவிட்டால் வரும் வேதனையிலிருந்து தப்பக் குடிப்பது தொடங்கிவிடுகிறது.

லின் கூப்பர் 1994-ல் குடிப்பதற்கான காரணங்களை நான்காகப் பிரித்தார்: கூடிக் களிக்க, உற்சாகத்தைக் கூட்ட, மற்றவர்கள் ஒதுக்கிவிடாமல் இருக்க, மனக்கஷ்டத்தைச் சமாளிக்க. கடைசிக் காரணத்துக்காகக் குடிப்பவர்களுக்குத்தான் குடியால் வரும் பிரச்சினைகள் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் எதற்காகக் குடிக்கிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.

ராத்திரி குடித்தார், காலையில் போதை இல்லை, ஆனாலும் எரிந்து விழுகிறார். ஏன்?

ராத்திரி முழுக்க மூளையை மது அமுக்கி வைத்திருந்தது, அதைச் சமன் செய்ய மூளையும் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மது இறங்கிய பிறகும் அந்தத் தள்ளல் மிச்சம் இருக்கிறது. அதனால் படபடப்பு, சத்தம் பொறுக்காமை, எரிச்சல். தூக்கமும் கெட்டிருக்கும்: மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் கனவுத் தூக்கத்தைக் குறைத்து, பின்னிரவில் அடிக்கடி விழிக்க வைக்கும். இந்த எரிச்சலைத் தணிக்க மறுபடி ஒரு கிளாஸ் என்று போனால் அது ஆபத்தான சுற்று.

குடியே இல்லாமல், மன அழுத்தம் மட்டும் இருந்தால் கோபம் வராதா?

வரும். 1939-ல் ஜான் டொலார்டும் அவர் சகாக்களும், ஆசைப்பட்டது தடைபட்டால் ஆக்ரோஷம் பிறக்கிறது என்றார்கள். லெனார்ட் பெர்கோவிட்ஸ் 1989-ல் அதைத் திருத்தினார். தடை மட்டும் என்று இல்லை, வலி, வெக்கை, அவமானம் என்று மனத்துக்குக் கசப்பு தரும் எதுவும் தாக்கும் உந்துதலைக் கிளப்பலாம் என்றார். அந்த உந்துதல் வந்த இடத்துக்கே திரும்பிப் போவதும் இல்லை. மேலதிகாரி மேல் வந்த கோபம் வீட்டில் யார் மேலாவது இறங்குகிறது. நடுவில் மது வந்தால், காலையில் பட்ட அவமானத்துக்கும் இப்போது சிந்திய தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை என்ற எண்ணம் மங்கி, சிந்திய தண்ணீரே முழுக் குற்றமாகிவிடுகிறது.

ஒரே அளவு குடித்தாலும் ஒருவர் பாடுகிறார், ஒருவர் தூங்குகிறார், ஒருவர் அடிக்கிறார். ஏன்?

எலி ஃபிங்கல் என்ற உளவியலாளர் மூன்றைப் பார்க்கச் சொல்கிறார்: கிளப்பிவிட்டது எது, அந்த ஆளை அந்தப் பக்கம் தள்ளும் சுபாவமும் பழக்கமும் எவை, பிடித்து நிறுத்தும் சக்தி எவ்வளவு மிச்சம். சீண்டலும் உந்துதலும் பலமாக இருந்து, பிடிப்பு தளர்ந்தால் கை ஓங்குகிறது. மது முக்கியமாக மூன்றாவதைத் தளர்த்துகிறது. முதல் இரண்டும் இல்லாதவரிடம் பிடிப்பு தளர்ந்தாலும் வெளியே வர எதுவும் இல்லை, அவர் பாட்டுப் பாடுகிறார்.

எளிதில் எரிச்சல்படும் இயல்பு உள்ளவர்கள், குடிக்காதபோதே தன்னைக் கட்டுப்படுத்தத் திணறுகிறவர்கள், 'அடித்தால்தான் மதிப்பார்கள்' என்று நம்புகிறவர்கள், இவர்களிடம்தான் மதுவின் விளைவு பலமாகத் தெரிகிறது.

எவ்வளவு குடித்தால் இது தொடங்கும்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரு கோடு கிடையாது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் அளவை ஒட்டியே சோதனைகளில் வேறுபாடு தெரிகிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: ரத்தத்தில் மது ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் உற்சாகமும் துடுக்கும் அதிகம், இறங்கும்போது சோர்வும் தூக்கமும். அதே 80 மில்லிகிராம்தான், ஏறும் வழியில் இருந்த ஆண்கள் இறங்கும் வழியில் இருந்தவர்களை விட அதிகம் தாக்கினார்கள் என்று ஜியன்கோலாவும் ஏமஸ் ஸைக்னரும் 1997-ல் காட்டினார்கள். அதனால் வெறும் வயிற்றில் மளமளவென்று குடிப்பது கூடுதல் ஆபத்து. இறங்குவதோ மெதுவாகத்தான், மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். காபியும் குளிர்ந்த தண்ணீரும் அதை வேகப்படுத்தாது.

பெண்களுக்கும் இப்படியா?

பெண்களிடமும் கூடுகிறது, ஆனால் ஆண்களிடம் பார்ப்பதை விடக் குறைவாக. பழைய சோதனைகள் பலவும் ஆண்களை மட்டுமே வைத்து நடந்தவை.

குடித்தால் மனசில் இருக்கும் உண்மை வெளியே வரும் என்கிறார்களே?

'குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு' என்றும் சொல்கிறோம், 'குடிச்சாத்தான் உண்மை வரும்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. வெளியே வருவது மனத்தில் இருந்த பலவற்றில் ஒன்று. அந்த நிமிடம் பக்கத்தில் இருந்த ஒன்று. ஒருவருக்குத் தன் தம்பி மேல் பொறாமையும் இருக்கும், உயிரையே கொடுக்கும் பாசமும் இருக்கும். போதையில் பொறாமை மட்டும் பேசினால், பாசம் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் பொறாமை இல்லவே இல்லை என்றும் ஆகாது. அந்த வார்த்தையைத் தெளிந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும், அதை ராத்திரியோடு மறந்துவிடச் சொல்வது அடிபட்டவருக்குச் செய்யும் அநியாயம்.

'எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை' என்கிறார். பொய்யா?

உண்மையாகவும் இருக்கலாம். வேகமாக நிறையக் குடித்தால், நடப்பதை நினைவாகப் பதியும் மூளைப் பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் நடக்கிறார், பேசுகிறார், வாதம் செய்கிறார், கதவைச் சரியாகப் பூட்டுகிறார். பதிவு மட்டும் ஆவதில்லை. எனவே நினைவில்லை என்பதற்கும் அந்த நிமிடம் தெரியாமல் செய்தார் என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு. அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் அது தெளிவான எச்சரிக்கை.

அப்படியானால் போதையில் செய்ததற்கு அவரைப் பொறுப்பாக்கலாமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நான் உளவியல் பக்கம் மட்டும் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை ஆம். போதையில் எல்லாரையும் அடிப்பதில்லை பெரும்பாலோர். போலீஸ்காரரை அடிப்பதில்லை, தன்னை விடப் பலசாலியை அடிப்பதில்லை, வீட்டில் எதிர்க்க முடியாதவரை அடிக்கிறார்கள். அந்த அளவுக்குத் தேர்வு உள்ளே நடக்கிறது. அப்புறம், குடித்தால் தான் இப்படி ஆகிறோம் என்று ஒரு முறை தெரிந்த பிறகு, அடுத்த முறை முதல் கிளாஸைத் தெளிவாக இருக்கும்போதுதானே எடுக்கிறார்? பொறுப்பு அங்கே இருக்கிறது. மது அடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று நான் விளக்குவது யாருக்கும் சாக்குச் சீட்டாகிவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த கவலை உண்டு.

குடித்தவர் சண்டைக்கு வரும்போது என்ன செய்வது?

அவர் சொல்வது தவறு என்று அப்போது நிரூபிக்கப் போகாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம், ஆனால் நியாயம் தூரத்தில் இருக்கும் விஷயம், அவருக்கு உங்கள் குரலின் உயரம் மட்டும்தான் தெரிகிறது. குரலைத் தாழ்த்துங்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பார்த்துச் சிரிக்கும் கூட்டம் சுற்றி இருந்தால் அது இன்னொரு சீண்டல், முடிந்தால் கலைத்துவிடுங்கள். சாப்பாடு, பிடித்த பேச்சு, பழைய கதை என்று கவனத்தை வேறு ஒன்றில் திருப்புவது பல நேரம் பலிக்கும், காரணம் மேலே கட்டங்கள் ஒளிர்ந்த சோதனையில் பார்த்ததுதான்.

ஆனால் இதெல்லாம் வாய்ச்சண்டை மட்டத்தில் இருக்கும்போது. கை ஓங்கிவிட்டால், ஆயுதம் மாதிரி ஏதாவது கையில் இருந்தால், முன்பு அடித்தவர் என்றால், எதையும் முயன்று பார்க்காதீர்கள். குழந்தைகளோடு வெளியேறுங்கள், போலீஸை அழையுங்கள்.

குடியை நிறுத்தினால் அடியும் நின்றுவிடுமா?

சிகிச்சைக்கு வந்து குடியை விட்டவர்களின் வீடுகளில் வன்முறை கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மறுபடி குடிக்கத் தொடங்கியவர்களின் வீடுகளில் அவ்வளவு குறைவதில்லை. ஆனால் எல்லாருக்கும் நிற்காது. குடிக்காதபோதும் மிரட்டுகிறவர், போனைப் பிடுங்குகிறவர், பணத்தைப் பூட்டி வைக்கிறவர், யாரோடும் பேசவிடாதவர் என்றால் அங்கே பிரச்சினை பாட்டிலில் மட்டும் இல்லை. அவருக்குக் குடிக்கான சிகிச்சையோடு வன்முறைக்கான உதவியும் தனியாக வேண்டும்.

நாளையிலிருந்து ஒரே அடியாக நிறுத்திவிடலாமா?

தினமும் நிறையக் குடித்து வந்தவர் தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, இதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, கடும் காய்ச்சல், நடுக்கம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை சிலருக்கு வரும். காலையில் கை நடுங்கி, ஒரு வாய் குடித்ததும் நடுக்கம் நிற்கிறதென்றால் நீங்கள் இந்த வகையில்தான் இருக்கிறீர்கள். மருத்துவரிடம் போனால் சில நாள் மருந்தோடும் தயாமின் என்ற வைட்டமினோடும் பாதுகாப்பாக நிறுத்த முடியும். மறுபடி குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

என் குடி அளவு மீறிவிட்டதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற 10 கேள்விப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதோடு, குற்ற உணர்வு வந்ததா, நினைவு தப்பியதா, உங்கள் குடியால் யாருக்காவது காயம் பட்டதா என்றும் அது கேட்கும். அந்தக் காயம் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சமாகக் குடித்தால் தப்பில்லைதானே?

உடல்நலத்தைப் பாதிக்காத பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 26 லட்சம் சாவுகளுக்கு மது காரணம் என்பதும் அதன் கணக்கு. முடிவு உங்களுடையது. மனம் கொதித்துக்கொண்டிருக்கும் நாளில் மட்டும் தொடவே தொடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் அடிக்கமாட்டாரா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் ஏற்கனவே பல மாதங்கள் வாயை மூடிப் பார்த்தவர்கள். போதையில் இருப்பவர் பேச்சை மட்டும் சீண்டலாக எடுப்பதில்லை. பேசாமல் இருந்தால் 'மதிக்கவில்லை' என்பார், பார்த்தால் 'முறைக்கிறாய்' என்பார், பார்க்காவிட்டால் 'அலட்சியம்' என்பார். எதைச் செய்தாலும் அதைப் பகையாகப் படிக்கும் கண்ணுக்கு முன்னால், சரியாக நடந்துகொள்ளும் வழி என்று ஒன்று உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

அவரை மாற்றும் திட்டத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் நடப்பதை முழுசாகச் சொல்லுங்கள். முக்கியமான சான்றிதழ்கள், மருந்து, கொஞ்சம் பணம், மாற்றுச் சாவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்த நம்பிக்கையானவரிடமே கொடுத்து வையுங்கள். எந்த நாளில் என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள், அந்தத் தாளும் வீட்டில் இருக்க வேண்டாம். ராத்திரி எந்தக் கதவு வழியாக வெளியே போவது, முதலில் யாரை அழைப்பது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.